ஈரல் எந்தப் பக்கம்

எங்கள் வீட்டு ரீவியில் உடுப்பில்லாத ஓர் ஆண் உடம்பு நின்ற நேரம் பார்த்து, என் கணவர் கோயில் நிர்வாகசபையில் இருக்கும் அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அன்னதானத்துக்கான பெரிய பாத்திரங்கள் எங்கள் வீட்டு நிலவறையில்தான் இருக்கும். அவற்றை எடுக்க வந்தவர் அண்ணை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் ரீவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இஞ்சரும், என்ன உது?” என்றார் என் கணவர்.

“படிப்பு. நாளைக்கு வகுப்பில கேப்பினம்.”

“படிப்பெண்டாலும் இடுப்பில ஒரு துண்டாவது கட்டி விட்டிருக்கலாமே.”

“அதுக்குத்தான் எந்தப் பொத்தானை அமத்திறதெண்டு தேடிக்கொண்டிருக்கிறன்.”

அண்ணை கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பரவாயில்லைத் தங்கச்சி, படிப்பெல்லோ. நான் கிடாரத்தை எடுத்துக்கொண்டு போறன்” என்றார். போகும்போது சுவர்ப்பக்கம் திரும்பித்தான் நடந்தார்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஓ.எல். சோதனை வரைக்கும்தான், அதையும் இரண்டு பள்ளிக்கூடங்களில் பாதிபாதியாகப் படித்தேன். ரொறன்ரோவுக்கு வந்தபின் பாண் சுட்டுப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் நின்றேன். அந்த இடம் மூடப்பட்டபோது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் இருந்தால் யோசனைதான் கூடும் என்று, முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ. வேலைக்கான படிப்பில் சேர்ந்தேன். ஸ்காபுரோவில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு பல்வைத்தியருக்கும் மேலே, மாடியில் இருந்த சின்னக் கல்லூரி அது. சேரும் நாளில் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்தேன். பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்ட ஐயர், “என்ன வேண்டுதல்?” என்றார். “இங்கிலீசில சோதனை” என்றேன். அவர் மந்திரத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னதாக எனக்கு ஒரு நினைவு.

தூக்குவது, குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பது எல்லாம் எனக்குக் கை வந்த வேலைகள். உடற்கூற்றுப் பாடம்தான் பயமுறுத்தியது. பாடப்புத்தகம் ஒரு கோயில் திருவிழா உபயத்தின் விலை சொன்னது. வகுப்பில் ஒரு பிளாஸ்ரிக் பொம்மை இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான் உடம்பு. உள்ளே இருக்கும் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டலாம். ஆனால் வருடக்கணக்காகப் பலர் கழற்றிப் பூட்டியதில் அதன் ஈரல் எப்போதோ தொலைந்துவிட்டது. மண்ணீரலும் இல்லை. சிறுநீரகத்தில் ஒன்றை யாரோ கதவுக்கு முண்டு கொடுத்திருந்தார்கள்.

எங்கள் ரீச்சர் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கரீபியன் தீவொன்றில் பிறந்தவர். எதையும் இரண்டு தரம் சொல்லுவார். இரண்டாம் தரம் பாட்டு மாதிரி இருக்கும். அவர்தான் முதல் கிழமையிலேயே சொன்னார்:

“புத்தகம் வாங்க வேண்டாம், செல்லங்களே. வாங்க வேண்டாம். இன்ரநெற்றில் ஒரு முழு உடம்பு இலவசமாக இருக்கிறது.”

உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற வைத்தியர்களும் படம் கீறுகிறவர்களும் கொம்பியூட்டர் வேலை தெரிந்தவர்களும் சேர்ந்து அந்த உடம்பைச் செய்திருக்கிறார்களாம். எலும்பு, தசை, நரம்பு, குடல் எல்லாம் தனித்தனியாக. யாரும் எடுக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், தங்கள் மொழியில் பெயர் எழுதிச் சேர்க்கலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். கேட்பார் இல்லை. ரீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு அன்னதானப் பந்திதான் கண்ணுக்குள் வந்தது. சாப்பிடுகிறவருக்குச் சமைத்தவர் யாரென்று தெரியாது. சமைத்தவருக்கும் சாப்பிட்டவர் யாரென்று தெரியாது. இதில் இன்னும் ஒருபடி மேலே, பிடித்தால் நீயும் ஒரு கறி சமைத்துப் பந்தியில் வைக்கலாம்.

மிசிசாகாவில் விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை செய்யும் என் கணவர்தான் அதை எங்கள் பழைய லப்ரொப்பில் ஏற்றி, அந்தச் சின்னத் திரை என் கண்ணுக்குத் தெரியாது என்று ரீவியோடும் இணைத்துத் தந்தார். அப்படித்தான் கோயில் அண்ணை வந்த நாளில் அந்த மனிதர் எங்கள் ரீவியில் நின்றார்.

அண்ணை போனபிறகு பொத்தானைக் கண்டுபிடித்தேன். ஒரு துண்டு கட்டிவிட வழியில்லை. ஆனால் தோலை முழுவதாக எடுத்துவிடலாம். அமத்தினேன். தோல் போய்ச் சிவப்புத் தசையோடு நின்றார். மனம் சமாதானப்பட்டது.

“தோலை உரிச்சாப் பிறகு வெக்கமில்லையோ?” என்றார் கணவர்.

“இல்லை. பாருங்கோ, இப்ப உவர் ஒருத்தரின்ரையும் புருசன் மாதிரி இல்லை.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த உடம்புக்குத் தோலே கிடையாது. சமைத்து முடித்து, தேத்தண்ணியோடு வந்து இருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். இரத்தக் குழாய்கள் மட்டும் இருக்க மற்ற எல்லாவற்றையும் மறைத்துப் பார்த்த நாளில் என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன். ஒரு பெரிய மரத்தின் வேர்போல, விரல் நுனிவரைக்கும். இத்தனையையும் உள்ளே வைத்துத் தோலால் மூடி, ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கவிட்டிருக்கிறானே ஆண்டவன் என்று நினைத்தேன். இதைத் தெரியாமலா ஐம்பது வருடம் இந்த உடம்போடு குடித்தனம் நடத்தினேன் என்றும் நினைத்தேன்.

ஆனால் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்க அக்கா ஒருவர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. கார் ஓடுவார், மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு போவார். மூன்றாவது, வவுனியாவிலிருந்து கலியாணம் கட்டி வந்து யூனியன்வில்லில் மாமி வீட்டோடு இருந்த ஒரு பிள்ளை. மூன்று பேருக்கும் ஒரே குறை: ஆங்கிலப் பெயரை இரவு பாடமாக்கினால் விடிய அது இருக்காது.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அந்த உடம்பின் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு ஆங்கிலப் பெயருக்கும் பக்கத்தில் தமிழ்ப் பெயரை எழுதினேன். ஈரல், மண்ணீரல், கணையம், பித்தப்பை, சிறுநீரகம். பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம் எங்கேயோ ஒரு மூலையில் இருந்து எழும்பி வந்தது. தெரியாததற்கு மன்னார் அக்காவுக்கு அழைப்பெடுப்பேன்.

“அக்கா, மண்ணீரல் எப்பிடியிருக்கும்?”

“ஆட்டின்ரையோ மனுசன்ரையோ?”

“மனுசன்ரை.”

“மனுசன்ரையை நான் கழுவேல்லை. ஆட்டின்ரையெண்டா, நீளமா, கறுத்தச் சிவப்பா, நாக்கு மாதிரி இருக்கும். நீங்கள் சைவக்காரர், உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!”

பட்டியலில் ஓர் இடைஞ்சல் இருந்தது. பல பெயர்களின் கடைசியில் ஒரு புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்தும் நின்றன. சிலவற்றில் எல், சிலவற்றில் ஆர். கொம்பியூட்டர் தன் கணக்குக்கு எதையோ போட்டு வைத்திருக்கிறது, எங்களுக்கு எதற்கு இந்தக் குப்பை என்று, கோதுமை மாவை அரிப்பதுபோல் எல்லாவற்றையும் அரித்து எடுத்துவிட்டேன். சோதனையில் எந்த உறுப்பு எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள். ஆகவே ரீவியைப் பார்த்து, என் இடக்கைப் பக்கம் தெரிந்ததற்கு ‘இடது’ என்றும், வலக்கைப் பக்கம் தெரிந்ததற்கு ‘வலது’ என்றும் எழுதினேன். ஈரல் இடது. மண்ணீரல் வலது. இப்படி மூன்று கிழமை.

“இருதயம் இடப்பக்கமெல்லோ, இதில மற்றப் பக்கமாச் சரிஞ்சு கிடக்கே?” என்று நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்டாள்தான். ஆனால் அதற்கு முதல் நாள்தான் ரீச்சர், “எல்லாரும் இருதயம் இடப்பக்கம் என்று நினைக்கிறார்கள். நடுவில்தான் இருக்கிறது, செல்லங்களே, நடுவில்” என்று சொல்லியிருந்தார். “ரீச்சர் சொன்னவ எல்லோ, நடுவில எண்டு எழுதும்” என்று விட்டேன்.

எழுதி முடிக்க முடிக்க, பகுதி பகுதியாக வட்ஸ்அப்பில் இருவருக்கும் அனுப்பினேன். மன்னார் அக்கா, “கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்” என்று குரல்பதிவு போட்டார். பிள்ளை பத்து இருதயப் படம் அனுப்பினாள். மூவரும் பாடமாக்கினோம். காரில் போகும்போதும் ஒருவரை ஒருவர் கேட்போம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அக்கா, “பித்தப்பை!” என்பார். “இடது!” என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லுவோம்.

செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது. நல்லாகச் செய்ததாகத்தான் மூவரும் நினைத்தோம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிய ரீச்சர் எங்களை மட்டும் நிற்கச் சொன்னார். அவர் முகத்தில் வழமையான சிரிப்பு இல்லை. அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கல்லூரியின் பொறுப்பாளர் இருந்தார். கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டிய மனிதர். மேசையில் எங்கள் மூன்று பேரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“உறுப்புகளின் பெயர் எல்லாம் சரி. பக்கம் எல்லாம் பிழை. மூன்று பேருக்கும் ஒரே பிழை, ஒன்றுகூட மாறவில்லை. ஒரே வரிசையில் இருந்தீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “என்ன பிழை?” என்று கேட்டேன்.

“ஈரலை இடப்பக்கம் வைத்திருக்கிறீர்கள்” என்றார் ரீச்சர்.

“ஓம், ஈரல் இடப்பக்கம்தானே” என்று மன்னார் அக்கா உறுதியாகச் சொன்னார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

பொறுப்பாளர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். பார்த்து எழுதினால் படிப்பிலிருந்து நீக்குவது கல்லூரியின் விதியாம். திங்கட்கிழமை காலை வந்து விளக்கம் சொல்ல வேண்டும். சரியாக இல்லையென்றால் மூன்று பேருக்கும் அத்தோடு முடிந்தது என்றார். நாங்கள் பார்த்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி ஒரே பிழை வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படி விளக்குவது?

காரில் ஒருவரும் பித்தப்பையைப் பற்றிக் கதைக்கவில்லை. பின் ஆசனத்தில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். அக்கா மட்டும் ஸ்ரியறிங்கைத் தட்டித் தட்டி, “நான் ஒருத்தரையும் பாத்து எழுதேல்லை. எனக்குக் கண்ணாடி இல்லாமல் என்ரை பேப்பரே தெரியாது, பக்கத்துப் பேப்பர் எங்க தெரியப்போகுது?” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து முழுகி, விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமைப் பூசையை நான் ஒருநாளும் விட்டதில்லை. சிவனும் அம்பாளும் சேர்ந்திருக்கும் படத்துக்குப் பூ வைத்தேன். எனக்குப் படிப்பு வராவிட்டால் போகட்டும், அந்தப் பிள்ளை மாமி வீட்டில் தலைகுனியக்கூடாது தாயே என்று கேட்டேன். கற்பூரம் கொளுத்தினேன். எப்போதும் சுவாமிக்குக் காட்டிவிட்டு, அவருக்கு இடப்பாகத்தில் இருக்கும் அம்மைக்குக் காட்டுவேன். அன்றும் தட்டு அப்படியே போயிற்று.

என் வலக்கைப் பக்கமாக.

தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். சுவாமியின் இடப்பக்கம் அம்பாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் முன்னால் நிற்கிற எனக்கு அது வலக்கைப் பக்கம். சுவாமி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது என்றால் அவருடைய இடதுதான். கோயிலில் ஒருநாளாவது இதில் பிழை விட்டிருக்கிறேனா? ரீவியில் நிற்கிறவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கற்பூரத் தட்டுக் குலுங்கியது. பின்னால் நின்ற கணவர் பயந்துவிட்டார்.

“என்னப்பா, பூசை நேரத்தில சிரிக்கிறீர்?”

“ஈரல் வலப்பக்கம்!”

“ஆற்றை ஈரல்?”

“எல்லாற்றையும்! உங்கடையும்தான்!”

அவர் கையை முதலில் தன் இடுப்பின் இடப்பக்கம் வைத்து, பிறகு மெல்ல வலப்பக்கம் மாற்றினார். முறைப்படி தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, திருநீறு பூசிய பிறகுதான் லப்ரொப்பைத் திறந்தேன். நான் குப்பை என்று அரித்த புள்ளியும் எழுத்தும் நான் கை வைக்காத பழைய பட்டியலில் அப்படியே இருந்தன. எல் என்றால் இடது. ஆர் என்றால் வலது. செய்தவர்கள் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் பொறுமையாக எழுதித்தான் வைத்திருந்தார்கள். நான்தான் அதை அழித்துவிட்டு என் கண்ணை நம்பியிருக்கிறேன்.

மன்னார் அக்காவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன்.

“எடியே!” என்றார். “யேசுவோட சேத்து அறைஞ்ச ரெண்டு கள்வரில நல்ல கள்வன் அவற்றை வலப்பக்கச் சிலுவையில. எங்கட படத்தில அந்தக் கள்வன் எனக்கு இடக்கைப் பக்கமாத்தான் நிக்கிறான். நாப்பது வருசமா அந்தப் படத்துக்கு முன்னால முழங்காலில நிக்கிறன். எனக்கும் விளங்கேல்லையே!”

“கோவமில்லையே அக்கா?”

“கோவமோ? மூண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு மனுசனைக் கண்ணாடிக்குள்ளால பிரட்டி விட்டிருக்கிறம். இதைச் செய்யிறது லேசான வேலையே?”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

“அன்ரி, நான் உங்களை நம்பித்தானே பாடமாக்கினனான்” என்றாள். “ஒருக்கா அவையின்ரை லிஸ்ற்றைப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கேல்லை. நீங்கள் எழுதினதெண்டு அப்பிடியே எடுத்தனான்.”

“பிழை என்னிலதான் பிள்ளை.”

“மாமிக்கு இன்னும் சொல்லேல்லை.”

“சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை நான் கதைக்கிறன்.”

சொல்லிவிட்டேனே தவிர, ஆங்கிலத்தில் எப்படிக் கதைப்பது என்று சனியும் ஞாயிறும் அதே யோசனைதான். எங்கள் மகளைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவிக்கலாம். ஆனால் அவள் ஒட்டாவாவில், வேலை விசயமாகப் போயிருந்தாள். தொலைபேசியில் கேட்டபோது, “அம்மா, ஜஸ்ற் ஷோ தெம். லப்ரொப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, யூ டோன்ற் நீட் எ லெற்றர்” என்றாள். அதுதான் நடந்தது.

திங்கட்கிழமை லப்ரொப்பை ஒரு சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். பொறுப்பாளரும் ரீச்சரும் இருந்தார்கள். நான் முதலில் சொன்னது, நான் ஞாயிறு முழுக்கப் பாடமாக்கிய வசனம்: “இந்தப் பிழை என்னுடையது. இவர்கள் இருவரும் என்னை நம்பினார்கள். யாரையாவது நீக்க வேண்டுமென்றால் என்னை நீக்குங்கள்.” பிறகு பட்டியலைத் திறந்து காட்டினேன்.

பொறுப்பாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?”

“இடது, வலது. தமிழில்.”

“நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாதே. இதை வைத்து நான் எப்படி முடிவெடுப்பது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மன்னார் அக்கா தன் பையில் கைவிட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

ரீச்சர்தான் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். “பழைய பட்டியல் இருக்கிறதா, செல்லம்? நீங்கள் தொடாதது?” என்றார். இருந்தது. அதுதான் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறதே. யாரும் எப்போதும் எடுக்கலாம். அவருடைய லப்ரொப்பில் அதைத் திறந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். ஓர் அடிமட்டத்தை எடுத்துத் திரையில் பிடித்து, ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

“இங்கே ஆர். அவர் எழுதியிருக்கும் கடைசிச் சொல்லின் வடிவத்தைப் பாருங்கள். இங்கேயும் ஆர். அதே வடிவம். இங்கே எல். இது வேறு வடிவம். இங்கே ஆர். முதல் வடிவம்.”

பொறுப்பாளர் குனிந்தார். பத்து வரி போனபிறகு அவரே விரலை வைத்துச் சொல்லத் தொடங்கினார். “இது முதல் வடிவம். அப்படியென்றால் அங்கே ஆர்?” ரீச்சர் அடிமட்டத்தை நகர்த்தினார். ஆர்தான். “இது?” எல். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர், அரை மணித்தியாலத்தில் இடதையும் வலதையும் அடையாளம் பிடித்துவிட்டார். பட்டியல் முழுக்க ஓர் இடத்தில்கூட நான் என் பிழையிலிருந்து தவறவில்லை.

“இவ்வளவு ஒழுங்காகப் பிழை விட்டவரை நான் பார்த்ததில்லை” என்றார். அது பாராட்டா ஏச்சா என்று தெரியாமல் “நன்றி” என்றேன்.

மன்னார் அக்காவின் தோளைப் பிடித்து நிறுத்தி, “இவ சுவாமி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ” என்று, பூசையில் எனக்கு எப்படி விளங்கியது என்பதை என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியும் காட்டினேன். “நான் சுவாமியோ? கர்த்தரே, மன்னியும்” என்று அக்கா தமிழில் முணுமுணுத்தார். ரீச்சருக்கு முழுவதும் விளங்கியது. தன் தேவாலயத்திலும் அப்படித்தான் என்றார். ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு இந்த இடத்தில்தான் தடக்கி விழுகிறது, அடுத்த முறை முதல் நாளே எல்லாரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னார்.

நீக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. வியாழக்கிழமை மூன்று பேரும் வேறு தாளில் திரும்ப எழுத வேண்டும். அதில் தவறினால் படிப்பு முடிந்தது. அறையின் மூன்று மூலைகளில் மூன்று பேர்.

இருந்தது மூன்று நாள். மூன்று கிழமையாகப் பாடமாக்கியதைத் தலையிலிருந்து கழற்றிப் புதிதாகப் பூட்ட வேண்டும். அன்று பின்னேரமே இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை வரமாட்டாளோ என்று நினைத்தேன். வந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது. கணவர் இறைச்சி இல்லாத ரோல்சும் தேத்தண்ணியும் வைத்துவிட்டு, உடம்புக்குத் தோல் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஒதுங்கினார்.

பட்டியலை முதலிலிருந்து திருத்தினோம். நான் எழுதினேன். அக்கா ரீவிக்கு முன்னால் போய், அதற்கு முதுகு காட்டி, அந்த உடம்பு நிற்பதுபோலவே எங்களைப் பார்த்து நின்றார். நான் பெயரைச் சொல்லச் சொல்லத் தன் உடம்பில் அந்த இடத்தில் கை வைத்தார். பிள்ளை பழைய பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

“பித்தப்பை,” என்பேன்.

அக்கா தன் வலப்பக்கம் தட்டுவார்.

“சரி. அடுத்தது,” என்பாள் பிள்ளை. ‘அன்ரி’ என்று சேர்க்கவில்லை.

மண்ணீரலுக்கு அக்கா இடப்பக்கம் தட்டி, “இதுதான் எனக்கு வெள்ளிக்கிழமைவரைக்கும் வலப்பக்கம் இருந்தது. ஒரு இரவில இடம்பெயர்ந்திட்டுது. அகதிப் பதிவு எடுக்க வேணும்” என்றார். பிள்ளை குனிந்துகொண்டே சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்தது, அன்ரி” என்றாள்.

வியாழக்கிழமை மூலையில் கொண்டுபோய் இருத்தினார்கள். தாளில் ஒரு மனிதனின் வெறும் கோட்டுப்படம். முகத்தில் கண்கூட இல்லை. இருந்தாலும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று முதலில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சிவசிவா என்று சொல்லி எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு விடைக்கும் முன்னால் பேனையைக் கீழே வைத்து, என் உடம்பிலேயே கையை வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது எதிர்மூலையில் அக்காவும் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் அந்தப் பிள்ளையும்தான். பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் எங்கள் மூவருக்கும் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருப்பார்.

ரீச்சர் அங்கேயே இருந்து திருத்தினார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். கீழே மளிகைக் கடையில் யாரோ கோப்பித்தூள் அரைக்கும் மணம் மாடிவரைக்கும் வந்தது. கதவு திறந்தது. ரீச்சர் மூன்று விரல்களைக் காட்டினார். “மூன்று பேரும், செல்லங்களே. மூன்று பேரும்.” இந்த முறை இரண்டு தரமும் பாட்டு மாதிரித்தான் இருந்தது.

மன்னார் அக்காவுக்கு என்னைவிட ஒரு புள்ளி கூட. மண்ணீரலின் நிறத்தைக் கேட்டிருந்தார்கள். “சைவக்காரருக்கு அது கஷ்டம்தான்” என்று என் முதுகில் தட்டினார்.

திருத்திய பட்டியலை ரீச்சரின் உதவியோடு அந்த உடம்பைப் பராமரிக்கிறவர்களுக்கும் அனுப்பினேன். சில நாளில் எங்கோ ஒரு நாட்டிலிருந்து, பார்த்தறியாத ஒருவர் நன்றி எழுதி, தமிழ் என்று அமத்தினால் எங்கள் பெயர்கள் வரும்படி சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நான் அமத்திப் பார்த்தேன். வந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரீவிக்குக் கிட்டப் போய், ஈரலில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, தன் வலப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

போன கிழமை அந்தப் பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துவிட்டது. மாமிதான் விடியக் கொண்டுபோய் இறக்குகிறாவாம். பிறம்ரனில் இருக்கும் அவளுடைய மச்சாள் இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு எங்கள் தமிழ்ப் பட்டியலை அனுப்பியதாகச் சொன்னாள்.

“திருத்தினதைத்தானே பிள்ளை அனுப்பினனீர்?” என்று கேட்டேன்.

“ஓம் அன்ரி. ஆனால் நான் சொல்லியிருக்கிறன், அன்ரி எழுதினதெண்டு கண்ணை மூடிக்கொண்டு எடுக்காத, ஒவ்வொண்டா அவையின்ரை லிஸ்ற்றோட வைச்சுப் பாக்கச் சொல்லி.”

“நல்லாச் சொன்னீர்” என்றேன். உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.